பிரசங்கம் பண்ணவும் பாடவும் வராதவர் இயேசுவைப் போல ஊழியம் செய்யக் கற்றுக்கொள்வது எப்படி?

இந்தக் கேள்விக்கு யோவான் 13-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். கடைசி இராப்போஜனத்தில் இயேசு அவ்வளவு நீளமாகப் பேசுகிறாரே, அதெல்லாம் அப்புறம்தான். முதலில் எழுந்து, மேலாடையைக் கழற்றி வைத்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவுகிறார். புழுதியில் நடந்து வந்த கால்கள், வேலைக்காரர் செய்கிற வேலை. அத்தனை பேர் இருந்தும் ஒருவரும் எழவில்லை. தங்களில் யார் பெரியவன் என்று அதே ராத்திரி அவர்களுக்குள் வாக்குவாதம் நடந்ததாக லூக்கா எழுதுகிறார்.

என்னைப் பொறுத்தவரை பாடம் இங்கேதான் தொடங்குகிறது: எல்லோர் கண்ணிலும் பட்டும் யாரும் தொடாமல் கிடக்கிற வேலை எது என்று பார்க்கப் பழகுவது. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம்; கோயில் பண்டிகைக்கு அசனம், அதாவது எல்லோருக்கும் பொதுச் சாப்பாடு, நடக்கும். பந்தி பரிமாற ஆள் முண்டியடிக்கும். கூட்டம் கலைந்த பிறகு, சோறு காந்தி அடியில் ஒட்டிய அண்டாவைச் சரித்துப் போட்டு, தோள்வரை கையை உள்ளே விட்டுத் தேங்காய் நாராலும் சாம்பலாலும் தேய்க்க இரண்டு மூன்று பேர்தான் மிஞ்சுவார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்துத்தான் நான் ஊழியம் கற்றேன். யாரும் சொல்லித் தரவில்லை, முதுகு வலிக்கும், முழங்கை வரை கரி, ஆனாலும் அடுத்த வருஷம் கால் தானாக அந்த இடத்துக்குத்தான் போகும்.

அப்புறம் யூதாஸ். அவன் எழுந்து போனது கால் கழுவின பிறகுதான். காட்டிக்கொடுக்கப் போகிறவன் என்று தெரிந்தே அவன் காலையும் கழுவினார். படுத்த படுக்கையாகி எரிந்து விழும் மாமியாருக்கோ, நம்மைப் பற்றிப் புறம் பேசிய சபையாருக்கோ செய்யும்போதுதான் இந்த அதிகாரம் எவ்வளவு கடினம் என்று தெரியும்.

ஐடா ஸ்கடரை நினைத்துக்கொள்ளுங்கள். திண்டிவனத்தில் பெண் மருத்துவர் இல்லாமல் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனதைப் பார்த்தவர், அமெரிக்காவில் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். அதுதான் இன்றைய சிஎம்சி மருத்துவமனை. ஊழியம் கொள்ள அல்ல, ஊழியம் செய்யவே என்ற அதன் குறிக்கோளும் இயேசு தம்மைப் பற்றிச் சொன்னதுதான், மாற்கு 10:45.

பேதுரு மாதிரி 'என் காலைக் கழுவவே கூடாது' என்றும் அடம்பிடிக்காதீர்கள். காய்ச்சலில் கிடக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா கஞ்சி கொண்டு வந்தால் வாங்கிக் குடியுங்கள். வாங்கத் தெரியாதவர் கொடுக்கும்போது அதில் மேட்டிமை வந்துவிடுகிறது, நிறையப் பார்த்திருக்கிறேன்.

சரி, எங்கே தொடங்குவது? சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் கோயிலுக்குப் போய், அங்கே கூட்டிப் பெருக்கி மணி அடிக்கிறவரிடம் "அண்ணாச்சி, நாளைக்கு என்ன வேலை பாக்கி இருக்கு?" என்று கேளுங்கள். பாய் விரிப்பதோ கழிப்பறை கழுவுவதோ, அவர் சொல்வதைச் செய்யுங்கள். அடுத்த சனிக்கிழமையும் போங்கள்.