பணம் கட்டுபவர் ஒருவர், சிகிச்சை பெறுபவர் ஒருவர்

கேள்வி: எனக்கு வயது 26. பாலக்கோட்டுக்கு அருகே ஒரு கிராமத்தில் பெற்றோருடன் வசிக்கிறேன். தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். எனக்குப் பெண்கள்மீதுதான் ஈர்ப்பு என்பது சென்ற ஆண்டு வீட்டில் தெரிந்துவிட்டது. அப்போது வாங்கிய அடியும், இரண்டு நாள் அறையில் பூட்டி வைக்கப்பட்டதும் இன்றும் கனவில் வருகின்றன. அப்பா என்னைத் தருமபுரியில் ஒரு கவுன்சிலிங் மையத்துக்கு அழைத்துச் சென்று, 12 செஷனுக்கு முன்கூட்டியே ரூ. 18,000 கட்டினார். "மூன்று மாதத்தில் மாற்றிக் காட்டுகிறேன்" என்று அங்கிருந்தவர் வாக்குக் கொடுத்தார். நான் தனியாக அவரிடம் சொன்னவை அன்று மாலையே போன் வழியாக அப்பாவுக்குப் போய்விட்டன. நான்கு செஷனோடு நிறுத்திவிட்டேன். என்னை மாற்றப் பார்க்காத, நான் பட்டதைப் புரிந்துகொள்கிற ஒருவரை எப்படித் தேடுவது? கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: உங்களிடம் மாற்ற வேண்டியது எதுவும் இல்லை, ஆற்ற வேண்டிய காயம் இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத ஒருவரிடம் உங்களை அழைத்துப் போனார்கள் என்பதே நடந்த தவறு. உலக சுகாதார நிறுவனம் தன்பால் ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து 1990-லேயே நீக்கிவிட்டது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சிப் பாதுகாப்புக் கேட்டு வந்த இரண்டு பெண்களின் வழக்கில், பால் ஈர்ப்பை மருத்துவத்தால் "மாற்றும்" முயற்சிகளைத் தடை செய்து உத்தரவிட்டார். அந்த உத்தரவுக்கு முன் அவரே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து தமக்குத் தெரியாதவற்றைக் கேட்டு அறிந்துகொண்டார் என்பதை இங்கே நினைவுபடுத்தத் தோன்றுகிறது. நீதிபதி ஒருவர் கற்றுக்கொள்ள முன்வந்ததை, அதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் எதிர்பார்ப்பது மிகையாகாது. அந்த வழக்கின் தொடர்ச்சியாக, இத்தகைய மாற்று முயற்சி மருத்துவர்களுக்குத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்தது.

அந்த அறிவிப்பு பதிவு பெற்ற மருத்துவர்களைத்தான் கட்டுப்படுத்தும். நீங்கள் சென்ற இடத்தில் இருந்தவர் மருத்துவரா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. வாக்குக் கொடுத்த விதத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. மனநல மருத்துவர் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதும் உரிமை அவருக்கு உண்டு. மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுத மாட்டார், பேச்சுவழிச் சிகிச்சை அளிப்பார். அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், அந்தப் பதிவை அக்கவுன்சிலின் இணையதளத்தில் எவரும் சரிபார்க்கலாம். "ஆலோசகர்", "கவுன்சிலர்" என்ற சொற்களின் நிலை வேறு. முதுகலை உளவியல் படித்துப் பல ஆண்டு மேற்பார்வையில் பயிற்சி பெற்ற நல்ல ஆலோசகர்களும் இருக்கிறார்கள், வார இறுதிச் சான்றிதழ் ஒன்றை வைத்துக்கொண்டு பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள். ஆகவே எந்தப் பல்கலைக்கழகத்தில் என்ன பட்டம், எவருடைய மேற்பார்வையில் பணி என்பதை நேராகக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அன்று.

பட்டம் இருந்தால் மட்டும் போதாது என்பதால், முதல் செஷனுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே பத்து நிமிடம் போனில் பேச அனுமதி கேளுங்கள். "எனக்குப் பெண்கள்மீது ஈர்ப்பு, அதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டுவிட்டுச் சற்று மௌனமாக இருங்கள். "அது உங்கள் இயல்பு, அதில் சிகிச்சைக்கு இடமில்லை, உங்களுக்கு வேறு என்ன தொல்லை இருக்கிறது என்று பார்ப்போம்" என்ற பொருளில் பதில் வந்தால் மேலே பேசலாம். "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்", "நான் எல்லாரையும் சமமாகத்தான் பார்ப்பேன், ஆனால் குடும்பத்தையும் நினைக்க வேண்டும் அல்லவா" என்று இழுத்தால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். இரண்டாவது வகைப் பதில் கனிவான குரலில் வருவதால் பலர் அதில் ஏமாந்துபோகிறார்கள். அடுத்து, "நான் சொல்வதில் எதை, யாரிடம், எந்தச் சூழ்நிலையில் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். "யாரிடமும் எதையும் சொல்ல மாட்டேன்" என்பது அழகான பதில்தான், ஆனால் முழுமையான பதில் அன்று. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற விதிவிலக்குகளை அவராகவே எடுத்துச் சொன்னால் அவர் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தை அறிந்தவர் என்று கொள்ளலாம். அச்சட்டத்தின் 23-ஆம் பிரிவு உங்கள் இரகசியத்தைக் காக்கிறது. பாலினம், பால் ஈர்ப்பு, சாதி, மதம் எதன் பெயராலும் பாகுபாடின்றி மனநலச் சேவை பெறும் உரிமையை 18-ஆம் பிரிவு தருகிறது. நம் பக்கத்தில் பேச்சுவாக்கில் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டுவிடுவார்கள். சிகிச்சை அறையில் அந்தக் கேள்வி வந்தால், அது எதற்குத் தேவை என்று விளக்கும் கடமை அவருக்கு உண்டு.

மனக்காயத்தை அறிந்தவரா என்பது முதல் அமர்விலேயே ஓரளவு தெரிந்துவிடும். அவர் உங்களுக்கு என்ன குறை என்று தேடமாட்டார். உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பார், அதையும் நீங்கள் சொல்லத் தயாராக இருக்கும் அளவுக்கே கேட்பார். பூட்டப்பட்ட அறையில் இருந்தவருக்கு மூடிய கதவே படபடப்பைத் தரக்கூடும். நாற்காலியைக் கதவுப் பக்கம் போட்டுக்கொள்ளலாமா, தாழ்ப்பாள் போடாமல் சாத்தி மட்டும் வைக்கலாமா என்று உங்களிடம் கேட்கிறவர் தொழில் தெரிந்தவர். முதல் சில வாரங்கள் தூக்கம், மூச்சு, கனவிலிருந்து திடுக்கிட்டு எழுந்தால் என்ன செய்வது, வீட்டில் மீண்டும் கை ஓங்கினால் எங்கே போவது என்பவற்றிலேயே கழியும். நடந்ததை முழுவதும் சொல்லி அழுதால்தான் பாரம் இறங்கும் என்று முதல் நாளே வற்புறுத்துகிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

தேடும் இடம் என்று பார்த்தால், தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஆனால் அங்கே கூட்டம் அதிகம், ஒருவருக்கு 45 நிமிடம் ஒதுக்குவது கடினம். புறநோயாளிகள் வரிசையில் ஊர்க்காரர் எவராவது கண்ணில் படுவார் என்ற தயக்கமும் உங்களுக்கு இருக்கும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸில், 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. முதல் உதவிக்கு அதையே சொல்வேன். தொடர் சிகிச்சைக்கு, சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் தமிழ் தெரிந்த உளவியலாளரிடம் வீடியோ வழியாகப் பேசுவது உங்கள் நிலையில் பொருத்தமானது. தனியறை இல்லாத வீட்டில் அது எப்படி என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண், வாரம் ஒரு நாள் தண்ணீர் பாய்ச்சப் போகும் சாக்கில் மோட்டார் கொட்டகையில் அமர்ந்து, மோட்டார் ஓடும் சத்தத்தின் மறைவில் எட்டு மாதம் பேசினார்; சிக்னல் போனால் அழைப்பைத் துண்டித்துவிட்டுக் குறுஞ்செய்தியில் தொடர்வது என்று சிகிச்சையாளரோடு முன்பே பேசி வைத்திருந்தார். பள்ளி விட்ட பின் காலியாகும் ஒரு வகுப்பறை உங்களுக்கு அப்படி அமையலாம்.

இனி பணம். கட்டியவர் அப்பா என்பதால் உங்களுக்கு உரிமை இல்லை என்று அந்த மையம் சொல்லக்கூடும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பணம் கொடுத்தவரின் சம்மதத்தோடு சேவையைப் பெறுபவரையும் நுகர்வோர் என்றே சொல்கிறது. எனவே நீங்களே புகார் செய்யலாம். ரசீது தராமல் இருப்பது, குறையுள்ள சேவையை நிறுத்திப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பது, நம்பிச் சொன்ன தனிப்பட்ட செய்தியைச் சட்டத்தின் தேவையின்றிப் பிறரிடம் வெளியிடுவது ஆகிய மூன்றையும் அச்சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறைகளில் சேர்த்திருக்கிறது. ஜி-பே பதிவு, வாட்ஸ்அப் செய்தி, சீட்டு எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள். முதலில் சேர்ப்புச் சான்றுடன் விரைவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி 15 நாள் அவகாசம் கொடுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் பலனில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ரூ. 5 லட்சம் வரையிலான தொகைக்கு அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை, நிகழ்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும்.

ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எதிர்த்தரப்பு தன்னைக் காத்துக்கொள்ள உங்கள் சொந்த விஷயத்தை வெளிப்படையாகப் பேசத் துணியலாம், நமது ஊரில் செய்தி வேகமாகப் பரவும். தகுதி, ரசீது, நடக்காத எட்டு செஷன் என்ற அளவில் புகாரை அமைக்க முடியுமா என்று மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100. வீட்டில் மீண்டும் அடி விழும் என்ற அச்சம் இருந்தால் பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள். ரூ. 18,000-ஐவிட உங்கள் பாதுகாப்பு பெரிது. இரண்டு ஆண்டு அவகாசம் இருப்பதால் வழக்கு காத்திருக்கலாம்.

கேள்வி: ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். என் கண்முன்னே உடன் வேலை செய்தவர் இயந்திரத்தில் சிக்கி இறந்தார். அதன்பின் அந்தச் சத்தம் கேட்டாலே கை நடுங்குகிறது. ஒரு கைபேசிச் செயலியில் ஆறு செஷன் வாங்கினேன். மூன்று செஷனில் மூன்று பேர் வந்தார்கள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. ஒரே நாளில் சரியாக்கும் சிகிச்சை என்று இப்போது வேறொரு விளம்பரம் வருகிறது. வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். கண்ணால் கண்ட மரணத்தை மூன்று செஷனில் மூன்று அந்நியரிடம் முதலிலிருந்து சொல்ல வைத்தது, ஆறிவரும் புண்ணைக் கட்டுப் பிரித்துப் பிரித்துப் பார்த்ததற்குச் சமம். எஞ்சிய மூன்று செஷனையும் ஒரே ஆள்தான் நடத்த வேண்டும், இல்லாவிட்டால் மீதிப் பணம் வேண்டும் என்று அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். முதலில் வந்தவரின் குறிப்புகளையும் கேளுங்கள். உங்கள் அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25-ஆம் பிரிவு தருகிறது.

இத்தகைய பாதிப்புக்குச் சோதித்தறிந்த சிகிச்சைகள் உண்டு. காயத்தை மையமாகக் கொண்ட அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சை, கண்ணசைவின் துணையோடு நினைவைக் கையாளும் ஈ.எம்.டி.ஆர். என்ற இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013-இல் பரிந்துரைத்தது. இரண்டும் பல வாரம் எடுப்பவை. ஈ.எம்.டி.ஆர். தெரியும் என்பவரிடம் எங்கே, யாரிடம், எவ்வளவு காலம் பயின்றார் என்று கேளுங்கள். ஓசூரில் இருக்கும் உங்களுக்கு ஒரு வசதி: பெங்களூரில் இருக்கும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவராக இருந்தால் அந்த மொழியிலேயே சிகிச்சை கேளுங்கள்; கனவு எந்த மொழியில் வருகிறதோ அதில் பேசுவது எளிது. காப்பீடு இருக்கிறதென்றால் பாலிசியைப் பாருங்கள். உடல் நோய்க்கு ஈடாக மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பது சட்டம், ஆனால் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் படுத்துப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன என்பதால் வாராந்தரச் செஷனுக்கு அதை நம்பியிருக்க வேண்டாம்.

கேள்வி: கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு 17 வயது. தன்னைப் பெண்ணாகவே உணர்வதாகச் சொல்கிறான். பள்ளியில் கேலி செய்து அடித்திருக்கிறார்கள், சாப்பிடுவதே இல்லை. அவனை மாற்ற வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, நிம்மதியாக இருந்தால் போதும். ஒரு நல்ல உளவியலாளர் கிடைத்திருக்கிறார். நான்தானே பணம் கட்டுகிறேன், உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்கக் கூடாதா?

பதில்: அம்மா, "நிம்மதியாக இருந்தால் போதும்" என்ற உங்கள் வரியைப் படித்து மனம் நெகிழ்ந்தேன். 18 வயது நிறையாததால் சிகிச்சை பற்றிய முடிவுகளில் உங்களுக்குச் சட்டப்படி இடம் உண்டு. நோய் என்ன, மருந்து உண்டா, ஆபத்து ஏதும் இருக்கிறதா என்பதை அவர் உங்களிடம் சொல்லவே வேண்டும். அறைக்குள் பிள்ளை பேசிய ஒவ்வொரு சொல்லும் அதில் அடங்காது. பாலியல் வன்முறை எதுவும் நடந்திருப்பதாகப் பிள்ளை சொன்னால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி அவர் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். இதைப் பிள்ளையிடம் முதல் நாளே அவர் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

நான் "பிள்ளை" என்று எழுதுவதைக் கவனித்திருப்பீர்கள். எப்படி அழைக்கப்பட விரும்புகிறாய் என்று அந்த உளவியலாளர் கேட்டாரா என்பதை மட்டும் பிள்ளையிடம் விசாரியுங்கள். கேட்டிருந்தால் சரியான இடத்துக்கு வந்திருக்கிறீர்கள். மாதம் ஒரு முறை 15 நிமிடம், பிள்ளைக்குத் தெரிந்தே, பிள்ளை சம்மதித்த விஷயங்களை மட்டும் உங்களோடு பேசும்படி அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதை முதல் செஷனிலேயே, மூவரும் ஒன்றாக அமர்ந்திருக்கும்போது பேசி முடித்துவிடுங்கள்.