கை படாமல் நான்கு ஏஸ்: கைவித்தை தெரியாதவர்களுக்கு ஒரு சீட்டு வித்தை

கேள்வி: எனக்குச் சீட்டைக் கலைக்கவே ஒழுங்காக வராது. சின்ன வயதில் கற்ற 21 சீட்டு வித்தை ஒன்றுதான் தெரியும். அதைச் செய்தால் பாதியிலேயே எல்லோரும் செல்போனை எடுத்துவிடுகிறார்கள். கைத்தந்திரம் இல்லாமல், ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டு வீட்டில் நாலு பேர் முன்னால் செய்கிற மாதிரி ஒரு வித்தை சொல்ல முடியுமா?

பதில்: தாராளமாக. அதற்கு முன் அந்த 21 சீட்டுக்காகக் கொஞ்சம் பரிந்து பேசிவிடுகிறேன். வித்தையில் குறையில்லை, செய்கிற விதம்தான் அதைக் கெடுக்கிறது. பார்ப்பவரை ஒரு சீட்டை மனதில் நினைக்கச் சொல்லி, மூன்று வரிசைக்கும் மாறிமாறி ஒவ்வொரு சீட்டாகப் போடுவது, அது இருப்பதாக அவர் காட்டிய வரிசையை நடுவில் வைத்து அடுக்குவது, மறுபடி போடுவது என்று போய், கடைசியில் 11-வது சீட்டு வரை எண்ணிக்கொண்டிருப்பார்கள். எண்ணவே வேண்டாம். முதல் தடவை அடுக்கியதும் அவருடைய சீட்டு 8-லிருந்து 14-க்குள் எங்கோ இருக்கும். மறுபடி போடும்போது அது ஏதோ ஒரு வரிசையில் 3, 4, 5-வது இடங்களில் ஒன்றில் விழும். அந்த வரிசையை நடுவில் வைத்தால் 10, 11, 12 என்று சுருங்கிவிடும். மூன்றாம் தடவை போட்டால் அந்த மூன்று சீட்டும் வரிசைக்கு ஒன்றாக நான்காவது இடத்தில்தான் வந்து உட்கார வேண்டும். ஆக, மூன்றாம் தடவை அவர் வரிசையைக் காட்டிய உடனே அதன் நட்டநடுச் சீட்டை ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் வாரி நன்றாகக் கலைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்தபடி சீட்டின் பெயரைச் சொல்லுங்கள்.

சரி, புது வித்தைக்கு வருவோம். இதில் நீங்கள் சீட்டைத் தொடவே மாட்டீர்கள். எதிரில் இருப்பவர் கட்டை நான்காக வெட்டுவார், சீட்டுகளை அங்குமிங்கும் மாற்றுவார், கடைசியில் ஒவ்வொரு கட்டின் மேலிருந்தும் ஒரு ஏஸைத் திருப்புவார். கை நடுங்குகிறவர்களுக்கென்றே செய்தது போன்ற வித்தை இது.

முன்னேற்பாடு ஒன்றே ஒன்று. ஜோக்கர்களை எடுத்துவிட்டு, கட்டைக் கவிழ்த்துப் பிடித்து, நான்கு ஏஸையும் மேலே வையுங்கள். மேலே என்றால் முதுகு தெரிகிற பக்கம். முதல் தடவை செய்கிறவர்கள் இதில் குழம்பி முகம் தெரிகிற பக்கம் வைத்துவிடுவார்கள். நான்கில் இஸ்பேட் ஏஸை மட்டும் நான்காவதாக, அதாவது மற்ற மூன்றுக்கும் கீழே வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். அப்படியே பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.

செய்யும்போது கட்டை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். மேலிருந்து ஏறக்குறையப் பாதியைத் தூக்கி வலப்பக்கம் வைக்கச் சொல்லுங்கள். இப்போது வலது கட்டில் பாதியை எடுத்து இன்னும் வலப்பக்கம், இடது கட்டில் பாதியை எடுத்து இன்னும் இடப்பக்கம். நான்கு கட்டு ஆயிற்று. ஏஸ்கள் வலது ஓரக் கட்டின் மேல் இருக்கின்றன. அந்தப் பக்கம் பார்க்காதீர்கள்.

இடது ஓரக் கட்டிலிருந்து தொடங்க வேண்டும். அதை அவர் கையில் எடுத்து, மேலிருந்து 3 சீட்டை ஒவ்வொன்றாக அடிக்குக் கொண்டுபோக வேண்டும். பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாக மற்ற மூன்று கட்டுகளின் மேலும் ஒவ்வொரு சீட்டு போட வேண்டும். கட்டைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, அடுத்த கட்டை எடுத்து அதே வேலை. அப்புறம் மூன்றாவது. கடைசியாக வலது ஓரக் கட்டு. முடிந்ததும் நான்கின் மேலும் ஏஸ் இருக்கும்.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். முதல் மூன்று கட்டுகளிலிருந்தும் ஏஸ் கட்டின் மேல் ஒவ்வொரு சீட்டாக, மொத்தம் 3 சீட்டு விழுகிறது. கடைசியில் அந்தக் கட்டை எடுத்து மூன்றை அடிக்கு அனுப்பும்போது போவது அந்த மூன்று வேண்டாத சீட்டுகள்தான். மறுபடி மேலே வருவது நான்கு ஏஸ். மூன்று மற்ற கட்டுகளுக்குப் போகிறது, ஒன்று அங்கேயே தங்குகிறது. அவ்வளவுதான் கதை.

அப்படியானால் முதல் மூன்று கட்டுகளில் மூன்று சீட்டை அடிக்குக் கொண்டுபோவது எதற்கு? சும்மா! அது வெறும் தாளம். ஒரே வேலையை மூன்று தடவை பார்த்த பிறகு நான்காவது தடவையை யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள். வித்தை நடப்பதோ அந்த நான்காவது தடவையில். இந்த வித்தையை யோசித்தவரின் மூளை வேலை செய்திருப்பது இங்கேதான் என்பேன்.

இதனால் உங்களுக்கு ஒரு பெரிய வசதி. முதல் மூன்று கட்டில் அவர் மூன்றுக்குப் பதில் நான்கை அடிக்கு அனுப்பினாலும் பதறாதீர்கள், திருத்தவும் திருத்தாதீர்கள். நீங்கள் கவனிக்க வேண்டியவை இரண்டே: ஒவ்வொரு சுற்றிலும் ஏஸ் கட்டின் மேல் ஒரே ஒரு சீட்டு விழுந்ததா, கடைசிக் கட்டில் சரியாக மூன்று அடிக்குப் போனதா. கடைசிக் கட்டின்போது மட்டும் குரலை மாற்றாமல், "ஒண்ணு… ரெண்டு… மூணு… இப்ப ஒவ்வொண்ணா போடுங்க" என்று அவரோடு சேர்ந்து எண்ணுங்கள்.

புத்தம்புதுக் கட்டு வழுக்கிக்கொண்டு இரண்டு சீட்டாக விழும். ரொம்பப் பழையது ஒட்டிக்கொண்டு வரும். கொஞ்சம் பழகிய கட்டே நல்லது.

என் கதை ஒன்று. ஆரம்ப காலத்தில் ஒரு குறும்புக்காரர் "வெட்டுங்க" என்றதும் இரண்டே சீட்டைத் தூக்கி வைத்தார். ஏஸ்கள் இரண்டாகப் பிரிந்தன. நான் திருதிருவென்று விழித்தேன். இப்போதெல்லாம் "வெட்டுங்க" என்று மொட்டையாகச் சொல்வதில்லை. "நாலும் ஒரே உயரமா வர்ற மாதிரி பிரிங்க பார்ப்போம்" என்பேன். அது ஒரு சவால் மாதிரி இருப்பதால் எல்லோரும் அக்கறையாகப் பிரிப்பார்கள். மீறி யாராவது விளையாடினால், சிரித்துக்கொண்டே அதைப் பழையபடி மேலே வைக்கச் சொல்லிவிடலாம்.

அடுத்தது பேச்சு. உங்கள் ஒரு வாரம் முழுவதும் இதற்குத்தான். ஏஸ் என்ற வார்த்தையை முதலில் எடுக்கவே கூடாது. எடுத்தால் எல்லோரும் அதைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். "சிலர் கைக்கு ராசி உண்டுன்னு சொல்வாங்க, உங்க கையைப் பார்த்துடலாமா?" என்று தொடங்கினால் போதும். தனியாக நாலைந்து தடவை செய்து பார்த்துவிட்டு, பிறகு வேறொருவர் கையில் கொடுத்து, நீங்கள் வாயால் மட்டும் வழிநடத்திப் பழகுங்கள். நம் கைக்குத் தெரிந்ததை இன்னொருவருக்கு விளங்கும்படி சொல்வது வேறு வேலை. "மேல இருந்து மூணு அடிக்கு" என்று நீங்கள் சொல்ல, அவர் மூன்றையும் மொத்தமாகத் தூக்குவார், இல்லை அடியிலிருந்து உருவுவார். எந்த வார்த்தையில் அவர் தடுமாறினாரோ அதை மாற்றிக்கொள்ளுங்கள்.

மாற்றி முடித்ததும் உடனே திருப்பச் சொல்லாதீர்கள். "வெட்டினது நீங்க, மாத்தினது நீங்க, நான் ஒரு சீட்டைக்கூடத் தொடல" என்று நிதானமாக நினைவுபடுத்துங்கள். "கலைச்சதும் நீங்கதான்" என்று மட்டும் அளந்துவிட வேண்டாம், யாராவது ஒருவர் "எப்ப கலைச்சேன்?" என்று கேட்டுவிடுவார். பிறகு இடது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பச் சொல்லுங்கள். முதல் ஏஸுக்குப் பெரிதாக ஒன்றும் நடக்காது. இரண்டாவதுக்குப் புருவம் உயரும். மூன்றாவதுக்கு அவரே நான்காவது கட்டைப் பார்ப்பார். அங்கே கொஞ்சம் காக்க வையுங்கள். கடைசிக் கட்டில் தங்கிய இஸ்பேட் ஏஸ் அப்போது திரும்பும்.

"இன்னொரு தடவை" என்று கேட்பார்கள். செய்யாதீர்கள். கட்டை அவர்களிடமே கொடுத்து நன்றாகக் கலைக்கச் சொல்லுங்கள். யாராவது ஆரம்பத்திலேயே கட்டைப் பிடுங்கிக் கலைத்துவிட்டாலும் இனிச் சொல்கிற வேறொரு வித்தைதான் வழி. திரும்ப வாங்கி மேஜையில் தட்டி ஒழுங்குபடுத்தும்போது அடிச்சீட்டை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கிளாவர் ஏழு என்று வைத்துக்கொள்வோம். அவர் நடுவிலிருந்து ஒரு சீட்டை உருவிப் பார்த்துவிட்டு, கட்டின் மேல் வைத்து, கட்டை ஒரு தடவை வெட்டி, அடிப்பாதியைத் தூக்கி மேலே வைக்கட்டும். இப்போது கிளாவர் ஏழு அவருடைய சீட்டுக்கு நேர் மேலே இருக்கிறது. மேலிருந்து ஒவ்வொன்றாக முகம் தெரியும்படி மேஜையில் பரப்பிக்கொண்டே வாருங்கள். கிளாவர் ஏழுக்கு அடுத்து வருவது அவருடையது. அங்கே நிறுத்தாமல் இன்னும் நாலைந்து சீட்டு போடுங்கள். அவர் 'தவறவிட்டார்' என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டிருப்பார். அடுத்த சீட்டைக் கட்டிலிருந்து பாதி இழுத்தபடி, "அடுத்து நான் திருப்பப்போற சீட்டு உங்களோடது, பந்தயமா?" என்று கேளுங்கள். அவர் சரி என்றதும், இழுத்ததை அப்படியே விட்டுவிட்டு, மேஜையில் கிடக்கும் அவருடைய சீட்டை எடுத்துக் கவிழ்த்து வையுங்கள்.