சீட்டை விற்பவருக்கு என்ன தெரியும்?

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். என் மகனுக்கு 23 வயது. ஒரு கால்பந்து வீரர் அடுத்து எந்தக் கிளப்பில் கையெழுத்திடுவார் என்பதன் மேல் இணையத்தில் பணம் போடுகிறான். கேட்டால், “இது சூதாட்டம் இல்லை அம்மா, முன்கணிப்புச் சந்தை. செய்திகளைக் கவனமாகப் படிப்பவனுக்கு இதில் லாபம் உண்டு” என்கிறான். அவனுக்கு நான் என்ன பதில் சொல்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. அதை முற்றாக மறுத்துப் பேச்சைத் தொடங்கினால் அவர் காது கொடுக்க மாட்டார். ஆகவே முதலில் அந்தச் சந்தையைப் புரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு கிளப்பின் பெயரிலும் ஒரு சீட்டு விற்பனைக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீரர் அந்தக் கிளப்பில் சேர்ந்தால் சீட்டுக்கு ஒரு பவுண்டு கிடைக்கும். சேராவிட்டால் ஒன்றும் கிடைக்காது. அந்தச் சீட்டு 60 பென்சுக்கு விலைபோகிறது என்றால், அவர் அங்கே சேர நூற்றுக்கு 60 வாய்ப்பு உண்டு என்று வாங்குவோரும் விற்போரும் சேர்ந்து மதிப்பிட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

ஆட்டத்தின் முடிவைக் கணிப்பதற்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. பந்து உருளத் தொடங்கும்போது யார் வெல்வார்கள் என்பது நேர்மையாக நடக்கும் ஆட்டத்தில் யாருக்கும் தெரியாது. வீரர் கிளப் மாறும் விஷயத்திலோ, வீரருக்குத் தெரியும். அவருடைய முகவருக்குத் தெரியும். இரு கிளப் நிர்வாகிகளுக்கும், உடற்பரிசோதனை செய்யும் மருத்துவருக்கும், புதிய ஊரில் வீடு தேடும் குடும்பத்தாருக்கும் தெரியும். உங்கள் மகன் செய்தியாகப் படிப்பது, இவர்களுக்கெல்லாம் தெரிந்து பழசான பிறகு வெளியே கசிவதைத்தான்.

இது என் ஊகமல்ல. 2019 ஜூலையில் டாட்டன்ஹாமிலிருந்து அத்லெடிகோ மாட்ரிட்டுக்குச் சென்ற கீரன் டிரிப்பியர், அந்த மாற்றம் பற்றி நண்பர்களுக்கு முன்கூட்டியே தகவல் தந்தார். அதை வைத்துப் பந்தயம் கட்டப்பட்டது. 2020 டிசம்பரில் அவருக்கு 10 வாரத் தடையும் 70,000 பவுண்டு அபராதமும் விதிக்கப்பட்டன. பந்தயக் கடையில் இப்படி நடந்தால் நஷ்டம் கடைக்காரருக்கு. ஆளுக்கு ஆள் வாங்கி விற்கும் சந்தையிலோ, விஷயம் தெரிந்தவருக்கு எதிரே பணத்தை வைத்துவிட்டு நிற்பவர் உங்கள் மகனைப் போன்ற இளைஞராக இருப்பார். எந்தச் செய்தியும் வராமலே ஒரு கிளப்பின் விலை திடீரென ஏறுவதை அவரே பார்த்திருப்பார். அந்த ஏற்றத்தையே செய்தியாக்கி வெளியிடுகிறார்கள். அந்தச் செய்தியை நம்பி இன்னும் பலர் வாங்க, விலை மேலும் ஏறுகிறது. இந்தச் சுழற்சிதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது.

உள்ளே இருப்பவர்களின் கணக்கும் தவறுவது உண்டு. 2018 ஜனவரியில் லிவர்பூல் வீரர் டேனியல் ஸ்டரிட்ஜ், தான் செவில்லாவுக்குப் போகக்கூடும் என்று கருதி அதன் மேல் பணம் கட்டும்படி தம் சகோதரரிடம் சொன்னார்; கடைசியில் வெஸ்ட் பிராம் கிளப்புக்கு இரவல் வீரராகச் சென்றார். மேல்முறையீட்டுக்குப் பின் 2020 மார்ச்சில் அவருக்கு நான்கு மாதத் தடையும் 1,50,000 பவுண்டு அபராதமும் கிடைத்தன. 2015 ஆகஸ்ட் 31 அன்று மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் டேவிட் டி ஹேயா ரியல் மாட்ரிட்டுக்குச் செல்வது பேசி முடிந்திருந்தது. ஸ்பெயினில் நள்ளிரவுக் கெடுவுக்குள் ஆவணங்கள் போய்ச் சேரவில்லை. மறுநாள் இரு கிளப்புகளும் அறிக்கை விட்டு ஒன்றையொன்று குறைகூறின. செப்டம்பரில் அவர் மான்செஸ்டர் யுனைடெட்டிலேயே புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அன்று மாலை மாட்ரிட் சீட்டை என்ன விலைக்கு வாங்கியிருந்தாலும் அது இரவோடு இரவாக வெறும் காகிதமாகியிருக்கும்.

ஆகவே சூதாட்டமா இல்லையா என்று அவரோடு வாதாட வேண்டாம். “இந்தச் சீட்டை உனக்கு விற்பவர் ஏன் விற்கிறார், அவருக்குத் தெரியாத எது உனக்குத் தெரியும்?” என்று மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு முறை வாங்கும் முன்பும் அதற்கான பதிலை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். வீரர்கள் கிளப் மாறும் காலம் முடிந்ததும் கமிஷனையும் சேர்த்து இருவருமாக உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். அவர் கணக்கைக் காட்டத் தயங்கினாலோ, கடன் வாங்கினாலோ, விட்டதைப் பிடிக்க மேலும் போட்டாலோ, அந்த நோட்டு போதாது. பிரிட்டனில் சூதாட்டத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவும் கேம்கேர் அமைப்பின் உதவித் தொலைபேசியில் குடும்பத்தாரும் பேசலாம். பந்தயத் தளங்களிலிருந்து தம்மைத் தாமே விலக்கிக்கொள்ள விரும்புவோருக்கான கேம்ஸ்டாப் திட்டத்தில் உங்கள் மகனே பதிவு செய்துகொண்டால், பிரிட்டனில் உரிமம் பெற்ற இணையப் பந்தய நிறுவனங்கள் குறைந்தது ஆறு மாதத்துக்கு அவரைச் சேர்க்காது. ஆனால் பிரிட்டிஷ் உரிமம் இல்லாத வெளிநாட்டுத் தளங்களை அந்தப் பதிவு கட்டுப்படுத்தாது; அவர் எந்தத் தளத்தில் கணக்கு வைத்திருக்கிறார் என்பதை இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.