நத்தார் மரம்: பால்சமா, ஃபிரேசரா?

கேள்வி: ஸ்காபரோவில் இருக்கிறோம். இவ்வளவு காலமும் பிளாஸ்ரிக் மரம்தான் வைத்தோம். இந்த நத்தாருக்கு உண்மையான மரம் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கடையில் பால்சம், ஃபிரேசர் என இரண்டு வகை இருக்கின்றன. ஃபிரேசர் விலை கூட. எதை வாங்கலாம்? சிவப்பும் பச்சையும் பழைய பாணி, இப்போது வெள்ளையும் நீலமும்தான் என்று தங்கை சொல்கிறா. அலங்காரங்களையும் புதிதாக வாங்க வேண்டுமா?

பதில்: வாசனைக்காக வாங்குவதென்றால் பால்சம். கிழக்குக் கனடாவின் சொந்த மரம் அது. ஃபிரேசரின் கிளைகள் உறுதியானவை, கனமான அலங்காரங்களையும் தாங்கும். ஊசி இலைகளும் கூடுதல் நாள் நிற்கும். டிசம்பர் தொடக்கத்திலேயே வைத்து ஜனவரி 6 வரை எடுக்காத வீடென்றால் அந்த விலை கொடுக்கலாம். மாத நடுவில் வாங்குகிறவர்களுக்குப் பால்சமே தாராளம்.

எந்த வகையானாலும் மரம் புதிதாக இருக்கிறதா என்று பாருங்கள். கிளையைக் கையால் மெதுவாக உருவினால் பச்சை ஊசிகள் கையோடு வரக்கூடாது. மரத்தைத் தூக்கி அடியைத் தரையில் தட்டுங்கள். உள்ளே காய்ந்திருந்த பழுப்பு ஊசிகள் விழுவது இயல்பு, பச்சை கொட்டினால் விட்டுவிடுங்கள்.

அப்புறம், அடித்தண்டில் ஓர் அங்குலம் வெட்டித் தரச் சொல்லுங்கள். வெட்டிய இடத்தில் பிசின் படிந்து மூடிக்கொண்டால் மரம் தண்ணீர் குடிக்காது. வீட்டுக்கு வந்ததும் தண்ணீரில் வையுங்கள். முதல் நாளில் சில லீற்றர்கூடக் குடிக்கும், பிறகும் தொட்டி வற்றவே கூடாது. சீனியோ மருந்தோ தேவையில்லை. ஹீற்றர் காற்று படாத மூலையாகப் பாருங்கள். காய்ந்த மரம் மிக வேகமாகத் தீப்பிடிக்கும்.

நிறத்தைப் பற்றி: உங்களுக்குப் பிடித்தால் நீலம் வையுங்கள், ஆனால் புதுப் பாணி என்பதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம். சிவப்பும் பச்சையும் கடைக்காரர் கண்டுபிடித்தவை அல்ல. ஜெர்மனியில் டிசம்பர் 24 ஆதாம் ஏவாள் நாள். அன்று நடந்த நாடகங்களில் பச்சை மரத்தில் சிவப்பு ஆப்பிள்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள். கண்ணாடி உருண்டைகள் மிகவும் பிந்தி, 19-ஆம் நூற்றாண்டில் லவுஷா என்ற ஊரின் கண்ணாடித் தொழிலாளர் கைகளில் வந்தவை. எனக்கு இன்றும் அந்த ஆப்பிள் சிவப்புத்தான் அழகு. விண்டர்பெரி என்று இலையில்லாமல் சிவப்புக் காய்களோடு விற்கும் கொப்புகளை வாங்கி, மரக்கடையில் வெட்டிப் போட்ட பச்சைக் கிளைகளைக் கேட்டு வாங்கிச் சேர்த்தால், வாசல் வளையம் வீட்டிலேயே கட்டிவிடலாம். கிளைகளைச் சில கடைகளில் சும்மாவே தருவார்கள்.

சின்னப் பிள்ளைகள் இருந்தால் விண்டர்பெரி, ஹொலி, மிசில்டோ காய்களை எட்டாத உயரத்தில் வையுங்கள், வயிற்றுக்கு ஆகாதவை. நத்தாருக்கு விற்கும் சிவப்பு இலைச் செடியான பொயின்செட்டியாவுக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். ஆனால் அது மெக்சிக்கோச் செடி, குளிர் தாங்காது. கடையிலிருந்து காருக்குப் போகும் தூரத்துக்குக்கூடத் தாளால் சுற்றித் தரச் சொல்லுங்கள்.

ஜனவரியில் ரொறன்ரோ மாநகரசபை மரங்களை வீதியோரத்திலிருந்து எடுத்துச் செல்லும். மின்குமிழ், ஜரிகை, தாங்கி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பை எதுவும் சுற்றாமல் வையுங்கள்.