நானோ ஆய்வகத்தை ஏன் பலர் பகிர்ந்துகொள்கிறார்கள்?
ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென ஒன்று கட்டிக்கொள்ளலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். கண்ணுக்குத் தெரியாத அளவில் நுண்ணிய அமைப்புகளை உருவாக்கும் இந்த ஆய்வகத்தில், கருவியைவிட அறைதான் பெரிய சிக்கல். நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு; தலைமுடியின் தடிமனே சுமார் 80,000 நானோமீட்டர். 20 நானோமீட்டர் கோடு வரையும் இடத்தில் ஒரு தூசி விழுந்தால், வயலில் மலை விழுந்த மாதிரி. அதனால் காற்றை இரவும் பகலும் வடிகட்ட வேண்டும், தரை அதிரக் கூடாது, வெப்பநிலையும் ஈரப்பதமும் மாறக் கூடாது. யாரும் வேலை செய்யாத நாளிலும் இந்தச் செலவு நிற்காது.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1977-லேயே இப்படியொரு பொது மையம் தொடங்கியது. 2015-ல் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் 16 மையங்கள் கொண்ட வலையமைப்பு உருவானது. வெளி ஆய்வாளரும் சிறு நிறுவனமும் பயிற்சி பெற்று, கட்டணம் செலுத்திப் பயன்படுத்தலாம்.

என்னைக் கேட்டால், அங்கே கருவிகளைவிட அவற்றின் குணமறிந்த பொறியாளர்கள்தான் பெரிய சொத்து. புதிய மாணவர் மாதக்கணக்கில் தடுமாறும் இடத்தை அவர்கள் ஒரு மதியத்தில் காட்டிக்கொடுத்துவிடுவார்கள்.