புதிய கடை திறப்பதற்கு முன்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் வருமானம் குறைந்த குடும்பங்களே மிகுதி. அருகிலுள்ள சிறு கடைகளில் பொட்டலத் தின்பண்டங்களும் இனிப்புப் பானங்களுமே கிடைக்கின்றன. எங்கள் சங்கத்திடம் உள்ள சிறு நிதியைக் கொண்டு காய்கறி, பழக் கடை ஒன்றை நாங்களே தொடங்கலாமா?

பதில்: தொடங்கலாம், ஆனால் அதை முதல் வேலையாக வைத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்கக் குடும்பங்களின் கொள்முதலை ஆராய்ந்து 2019-இல் வெளியான விரிவான ஆய்வு ஒன்று, வசதியுள்ளோருக்குக் கிடைக்கும் அதே பொருள்கள் அதே விலையில் ஏழைக் குடும்பங்களுக்குக் கிடைத்தாலும், இரு தரப்பினருக்கும் இடையிலான ஊட்டச்சத்து ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ 10 விழுக்காடு மட்டுமே குறையும் என்று கணக்கிட்டது. புதிய கடை வந்ததும் மக்கள் தொலைவில் வாங்கியதை அருகில் வாங்கினார்களே தவிர, வாங்கும் பொருள்கள் பெரிதாக மாறவில்லை. அங்கே பெரும்பாலான குடும்பங்களிடம் கார் உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். நடந்தே செல்வோருக்கும் முதியோருக்கும் தொலைவு இதைவிடப் பெரிய தடையாக இருக்கலாம்.

ஆகவே முதலில், இருக்கும் கடைக்காரர்களிடம் பேசுங்கள். அவர்கள் காய்கறி வைக்காததற்குப் பெரும்பாலும் அக்கறையின்மை காரணமன்று. பொட்டலத் தின்பண்டம் மாதக்கணக்கில் கெடாது. கீரையோ ஓரிரு நாளில் வாடிவிடும், அந்த நட்டம் முழுவதும் கடைக்காரர் தலையில்தான் விழும். மொத்த வியாபாரிகளோ சிறு அளவில் சரக்குக் கொடுக்கத் தயங்குவார்கள். உங்கள் நிதி மிகுந்த பயன் தரக்கூடிய இடம் இதுவே என்று கருதுகிறேன்: ஒரு குளிர்பதனப் பெட்டி வாங்கிக் கொடுப்பது, முதல் சில மாதங்களுக்கு விற்காமல் போகும் சரக்கின் இழப்பில் ஒரு பங்கை ஏற்பது, இரண்டு மூன்று கடைகள் சேர்ந்து கொள்முதல் செய்ய ஏற்பாடு செய்வது. எளிதில் கெடாத பருப்பு, பயறு வகைகளையும் உறையவைத்த காய்கறிகளையும் கொண்டு தொடங்கினால் கடைக்காரரின் அச்சம் குறையும். உறையவைத்த காய்கறி சத்தற்றது என்பது தவறான எண்ணம்.

அடுத்தது விலை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2011, 2012 ஆண்டுகளில் நடந்த சோதனையில், அரசின் உணவு உதவி பெறுவோர் குறிப்பிட்ட காய்கறி, பழங்களுக்குச் செலவிட்ட ஒவ்வொரு டாலருக்கும் 30 சென்ட் திருப்பித் தரப்பட்டது; அச்சலுகை இல்லாதவர்களைவிட அவர்கள் ஏறத்தாழ 26 விழுக்காடு அதிகமாக அவற்றை உண்டனர். நீங்களும் சிறு தள்ளுபடிச் சீட்டு வழங்கிப் பார்க்கலாம். வீணாகிவிடுமோ என்ற பயத்தில் புதிய காய்கறியை வாங்கத் தயங்கும் குடும்பங்களுக்கு, முதல் முறை குறைந்த விலையில் கிடைப்பது பெரிய துணிவைத் தரும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக, சில வீடுகளிலாவது நேரில் கேட்டுவிடுங்கள்: இப்போது எங்கே வாங்குகிறார்கள், வேலை முடிந்து எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள், சமைக்க அடுப்பும் எரிபொருளும் நேரமும் இருக்கின்றனவா? இரவில் திரும்புவோருக்குக் காலைக் கடையால் பயனில்லை. கடைக்காரர்கள் எவரும் இசையவில்லை என்றால் மட்டும், வாடகைக் கடைக்குப் பதிலாக, மக்கள் வேலை முடிந்து வந்து இறங்கும் பேருந்து நிறுத்தத்தில் உரிய அனுமதியுடன் வாரம் இரு மாலைகள் வண்டிக் கடை போட்டுப் பாருங்கள். விற்பனை நிலைத்தபின் நிரந்தரக் கடையைப் பற்றி யோசிக்கலாம்.