காப்பர் டி குடலுக்குப் போகுமா டாக்டர்?

கேள்வி: எனக்கு 29 வயசு. ரெண்டாவது பையன் பொறந்து ரெண்டு மாசத்துல, கர்ப்பம் தரிக்காம இருக்க கர்ப்பப்பைக்குள்ள வைக்கிற காப்பர் டி போட்டாங்க, அப்ப தாய்ப்பால் குடுத்துட்டிருந்தேன். போடும்போது சுருக்குனு வலிச்சுது, அப்புறம் ஒண்ணும் தெரியல. ஆறு மாசம் கழிச்சு செக்கப்ல அதுல தொங்குற நூலைக் காணோம், தானா விழுந்திருக்கும்னு அனுப்பிட்டாங்க. இப்ப இடது அடிவயித்துல வலி வந்து வந்து போகுதுன்னு எக்ஸ்ரே எடுத்தா காப்பர் டி வயித்துக்குள்ள இருக்கு! குடல்ல ஒட்டியிருக்கலாம், எடுத்துடணும்ங்கிறாங்க. தாங்குற வலிதானே, விட்டுடுங்கிறாங்க மாமியார். விட்டுடலாமா? - பெயர் வேண்டாம்

பதில்: வேண்டாம்மா, விட்டுடாதீங்க. வலியே இல்லாட்டியும் எடுக்கத்தான் சொல்லுவேன்.

ஆயிரம் பேருக்குப் போட்டா ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான் அது கர்ப்பப்பையைத் துளைச்சுட்டு வெளிய போகும், குடலுக்குள்ள போறது அதை விடவும் அபூர்வம். பிரசவமான சில மாசத்துல, அதுவும் பால் குடுக்கும்போது போட்டா இந்த ரிஸ்க் கூடுதல். வெளிய போன காப்பர் சும்மா கிடக்காது, சுத்தி புண்ணாக்கி பக்கத்துல இருக்கிற குடலோட ஒட்டிக்கும், நாளாக ஆக குடல் சுவரையே அரிச்சுட்டு உள்ளயும் போயிடலாம். காய்ச்சல், வாந்தி, மலத்துல ரத்தம், இதுல எது வந்தாலும் ஆபரேஷன் தேதிக்குக் காத்திருக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

ஆபரேஷனுக்கு முன்னாடி சிடி ஸ்கேன் எடுத்தா குடல்ல ஒட்டியிருக்கா உள்ளயே போயிருச்சான்னு ஓரளவு தெரியும். வெறுமனே ஒட்டியிருந்தா லேப்ரோஸ்கோபியிலயே, அதாவது சின்னத் துளை வழியா கேமரா விட்டுப் பண்ற ஆபரேஷன்லயே, பிரிச்சு எடுத்துடுவாங்க, உள்ள போயிருந்தா ஓட்டையைத் தைக்கணும், சில பேருக்கு அந்த இடத்துல கொஞ்சம் குடலை வெட்டி இணைக்க வேண்டி வரும், அதனால குடல் சர்ஜன் கூட இருப்பாரான்னு இப்பவே கேட்டு வெச்சுக்குங்க. இன்னொண்ணு, கர்ப்பப்பையில இல்லாத காப்பர் டியை நம்பி இருக்க முடியாது, முதல்ல யூரின்ல கர்ப்பம் டெஸ்ட் பண்ணிப் பாத்துடுங்க.

எனக்கு மனசு ஆறாதது அந்த "விழுந்திருக்கும்"ங்கிற வார்த்தைதான். விழுந்ததை நீங்க கண்ணால பாத்தீங்களா? இல்லையே. நூலைக் காணோம்னா முதல்ல ஸ்கேன், கர்ப்பப்பையில இல்லன்னா வயித்துக்கு எக்ஸ்ரே, அவ்ளோதான், அந்த பிளாஸ்டிக்ல பேரியம் கலந்திருக்கிறதால வெள்ளையா 'டி' மாதிரி பளிச்சுனு தெரிஞ்சுடும். இதைப் படிக்கிற மத்தவங்களும் எக்ஸ்ரே எடுக்காம விழுந்துடுச்சுன்னு யார் சொன்னாலும் நம்பிட்டு வராதீங்க.

அடுத்த தடவை போறப்ப மாமியாரையும் கூட்டிட்டுப் போங்கம்மா, அந்த எக்ஸ்ரேயை லைட்ல வெச்சு அவங்களுக்கும் காட்டச் சொல்லுங்க.